பெயர் ஒன்று, கணக்கு வேறு

(உலகத் தாய்மொழி நாளை ஒட்டி நம் கிளப் ஹவுஸில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கிற செக்யூரிட்டி தம்பிகள் உட்காரலாம், நாற்காலி நிறைய இருக்கிறது.

பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். 1952-ல் டாக்காவில் தங்கள் வங்க மொழிக்காகப் போராடி உயிரைக் கொடுத்த இளைஞர்களின் நினைவாக வந்த நாள் இது. 1999-ல் யுனெஸ்கோ அறிவித்தது, 2000-லிருந்து உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள். நம் சி பிளாக்கில் இருக்கிற வங்காளக் குடும்பத்தினருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செயலாளர் என்னிடம் "தமிழின் பெருமை பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசுங்க சார்" என்றார். எனக்கு அதற்குத் தகுதி கிடையாது. நான் பி.காம். முப்பத்தைந்து வருஷம் பேங்கில் கிளார்க். பேரேடு தெரியும், பேரகராதி தெரியாது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். காரணம், நம் சங்கத்தின் கம்ப்ளைன்ட் ரிஜிஸ்டரில் என் கையெழுத்தில் ஒரு புகார் இருக்கிறது. அதைப் பற்றிப் பொதுவில் பேச வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மே மாதம். என் மனைவிக்கு இன்சுலின் ஆன்லைனில் வாங்குவோம். ஐஸ் ஜெல் வைத்து, சின்னத் தெர்மாகோல் பெட்டியில் வரும். வந்த உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வர வேண்டியது வீட்டுக்கு வரவில்லை. புதன்கிழமை காலை வாக்கிங் போகும்போது முதல் கேட்டில் இருந்த பீகார் தம்பியிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "பார்சல் கல் ஆயா, அங்கிள்." சொல்லிவிட்டு இரண்டாவது கேட் பக்கம் கையைக் காட்டினார்.

எனக்கு இந்தி கொஞ்சம் தெரியும் என்று ஒரு நினைப்பு. பேங்கில் இந்தி வகுப்பு நடத்துவார்கள், பரீட்சை எழுதிப் பாஸும் பண்ணியவன். அதைவிட, கவுன்டரில் வடநாட்டு வாடிக்கையாளர் யாராவது வந்து, அந்த நேரம் பார்த்து சிஸ்டம் படுத்துக்கொண்டால் "கல் ஆவோ, கல் ஆவோ" என்று நாங்கள் எல்லாருமே சொல்வோம். நாளைக்கு வா என்று அர்த்தம். அதனால் தம்பி "கல்" என்று சொன்னதும், சரி, பார்சல் நாளைக்கு வரும் என்று எடுத்துக்கொண்டேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை இரண்டாவது கேட் ரூமில் பார்த்தால் அலமாரித் தட்டில் பெட்டி இருக்கிறது. செவ்வாய் மத்தியானமே வந்திருக்கிறது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெளியே அக்னி நட்சத்திர வெயில். ஜெல் பாக்கெட் உருகி வெந்நீர் மாதிரி இருந்தது. மருந்துக் கடைக்காரர் "இதைப் போடாதீங்க சார், ரிஸ்க் வேண்டாம்" என்றார். பணம் போனது ஒரு பக்கம், அன்று ராத்திரி வேறு மருந்துக்கு அலைந்தது ஒரு பக்கம். வந்த கோபத்தில் ரிஜிஸ்டரில் எழுதினேன்: "பார்சல் வந்திருந்தும் வரவில்லை என்று பொய் சொன்னார்." ஏஜென்சிக்காரர்கள் அந்தத் தம்பிக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்து, நைட் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

அதோடு நான் மறந்துவிட்டேன். போன மாதம் என் பேத்தி இந்திப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். "கல் என்றால் நேற்று, கல் என்றால் நாளை" என்று சத்தமாக ஒப்பித்தாள். "தப்பாப் படிக்கிறே பாரு" என்றேன். "இல்ல தாத்தா, ரெண்டுமே கல்தான். ஆயா-ன்னா வந்தது, ஆயேகா-ன்னா வரும். அத வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்" என்றாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

எனக்குச் சுருக்கென்றது. தம்பி என்ன சொன்னார்? "கல் ஆயா." நேற்றே வந்துவிட்டது, அதோ அந்த கேட்டில் இருக்கிறது என்று கையையும் காட்டியிருக்கிறார். அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். பொய் என்று எழுதியது நான்.

அன்றிலிருந்து இந்த விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. ஒரே சத்தம் ஒரு மொழியில் ஒன்றும் இன்னொரு மொழியில் வேறொன்றுமாக ஏன் இருக்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன். அதில் எனக்குப் புரிந்ததைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்தக் "கல்"லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் கல் என்றால் பாறை, கருங்கல். அதே சொல்லுக்குப் படி, கற்றுக்கொள் என்றும் பொருள். இந்தியில் நேற்று, நாளை. இந்திக்காரர்களுக்கு முந்தாநாளும் நாளை மறுநாளும்கூட ஒரே சொல்தான், "பர்ஸோ". இதில் குழப்பமே வராதா என்று நாம் கேட்கிறோம். அவர்களுக்கு வராது. வினைச்சொல் வந்ததா, வரப்போகிறதா என்று காட்டிவிடும். வாக்கியத்தை முழுசாகக் கேட்கிறவனுக்குக் குழப்பமில்லை. முதல் சொல்லோடு காதை மூடிக்கொள்கிறவனுக்குத்தான் குழப்பம்.

நம் கல்லுக்கும் அவர்கள் கல்லுக்கும் உறவு உண்டா? கிடையாது. தமிழ் திராவிடக் குடும்பம், இந்தி இந்தோ ஆரியக் குடும்பம். சத்தம் தற்செயலாக ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது என்பதற்குப் பேங்கிலிருந்தே ஒரு உதாரணம். அந்தக் காலத்தில் செக் கொடுத்தால் பித்தளை டோக்கன் கொடுப்போம், ஞாபகம் இருக்கிறதா? வட்டமாக, நடுவில் நம்பர் வெட்டியிருக்கும். எங்கள் கிளையில் 27-ஆம் நம்பர் டோக்கன் இருந்தது. எதிர்த்த தெரு பேங்கிலும் 27 இருந்தது. இங்கே அன்றைக்கு 27 வாங்கியவர் பென்ஷன் எடுக்க வந்திருப்பார், அங்கே 27 வாங்கியவர் நகைக் கடன் வாங்க வந்திருப்பார். நம்பர் ஒன்று என்பதால் இரண்டு பேரும் சொந்தக்காரர்களா? இல்லை. ஒன்று முதல் நூறு வரைதான் டோக்கன் இருக்கிறது. எல்லாக் கிளையும் அதைத்தான் திருப்பித் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

மொழியும் அப்படித்தான். மனுஷ வாய் எல்லாருக்கும் ஒன்றே. உதடு, பல், நாக்கு, அண்ணம், தொண்டை. இவற்றை வைத்து எழுப்பக்கூடிய சத்தங்கள் கொஞ்சம்தான். தமிழில் மெய் 18, உயிர் 12, பெருக்கினால் உயிர்மெய் 216. ஓரெழுத்துச் சொல் என்றால் இந்தக் கட்டங்களுக்குள்தான் அடங்க வேண்டும். உலகத்தில் ஆயிரக்கணக்கான மொழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் அன்றாடச் சொற்களுக்குச் சின்னச் சின்ன சத்தமாகத்தான் தேடுகிறது. மோதாமல் எப்படி இருக்கும்? அதனால்தான் மா, வா, நீ, கை மாதிரிச் சின்னச் சொற்கள் ஊரெல்லாம் கிடைக்கின்றன. "நல்லெண்ணெய்" என்ற சொல் வேறொரு மொழியில் வேறு பொருளில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. டோக்கனில் பத்து இலக்க நம்பர் போட்ட மாதிரி அது.

சில உதாரணங்கள் சொல்கிறேன், குழந்தைகள் எண்ணிக்கொண்டே வாருங்கள்.

தமிழில் "ஆம்" என்றால் சரி. இந்தியில் "ஆம்" என்றால் மாம்பழம். தமிழில் "மா" என்றால் மாமரம், அரைத்த மாவு. இந்தியில் "மா" என்றால் அம்மா. சீனத்தில், அதாவது மாண்டரினில், "மா" என்பதை எந்த ராகத்தில் சொல்கிறோமோ அதைப் பொறுத்து அம்மா, சணல், குதிரை, திட்டுவது என்று நான்கு பொருள். தமிழில் "நான்" என்றால் நான்தான். வடக்கே "நான்" என்றால் தந்தூரி அடுப்பில் சுடுகிற ரொட்டி, பாரசீகத்திலிருந்து வந்த பெயர்.

தமிழில் "கை" என்றால் கரம். ஜப்பானிய மொழியில் "கை" என்றால் சிப்பி, கிளிஞ்சல். ஹவாய்த் தீவில் "கை" என்றால் கடல். நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கு "கை" என்றால் சாப்பாடு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹவாய் மொழியும் மாவோரி மொழியும் ஒரே குடும்பம். அதில்கூட இந்தச் சத்தம் ஒன்றில் கடல், இன்னொன்றில் சாப்பாடு.

பிரெஞ்சில் "வா" என்றால் போகிறான், போகிறாள். நாம் வா என்று கூப்பிட, அவர்கள் போகிறதைச் சொல்கிறார்கள். புதுச்சேரியில் இரண்டு மொழியும் பேசுகிற குடும்பங்கள் உண்டு. ஒரே வீட்டுக்குள்ளேயே இந்த "வா" போகவும் வரவுமாக இருந்திருக்கும்.

"அண்ணே" என்று நாம் கூப்பிட்டால் மூத்தவர் திரும்பிப் பார்ப்பார். துருக்கியில் "அன்னே" என்றால் அம்மா. "மாமா" என்றால் நமக்கு அம்மாவின் தம்பி, அண்ணன், சில வீட்டில் மாமனார், நம் அபார்ட்மென்டில் என்னை மாதிரி வழுக்கைத் தலையர் எல்லாரும். ஆங்கிலத்திலும் சீனத்திலும் அது அம்மா. ஜார்ஜியா நாட்டில் "மாமா" என்றால் அப்பா! அம்மாவுக்கு அங்கே "தேதா". ஆனால் இந்த அம்மா, அப்பா வகைச் சொற்களை முழுக்கத் தற்செயல் என்றும் சொல்ல முடியாது. பால்குடிக் குழந்தைக்கு முதலில் வருவது உதட்டை மூடித் திறக்கிற ம, ப சத்தங்கள். அதைக் கேட்டுப் பக்கத்தில் இருக்கிற பெரியவர்கள் "என்னைத்தான் கூப்பிடுது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரோமன் யாகப்சன் என்ற மொழியியல் அறிஞர் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். கொரியாக்காரர்கள் அப்பாவை "அப்பா" என்று கூப்பிடுவதற்கு வம்சத் தொடர்பு தேட வேண்டியதில்லை. குழந்தை வாய்தான் தொடர்பு.

இன்னொரு விஷயம். பாதிக் குழப்பம் நம் காதிலேயே இருக்கிறது. தமிழ் எழுத்தில் "ப" ஒன்றுதான். இந்தியில் அதற்கு நாலு எழுத்து. அதனால் "பல்" என்று நம் காதில் விழுவது அவர்கள் வாயில் மூன்று தனித்தனிச் சொற்கள். ஒன்று கணம், நொடி. ஒன்று பலம். ஒன்று பழம். நமக்கோ மூன்றுமே வாயில் இருக்கிற பல். அவர்கள் தெளிவாகத்தான் சொல்கிறார்கள், நம் காதுதான் மூன்றையும் ஒரே கணக்கில் வரவு வைத்துவிடுகிறது. இதே கதை அவர்கள் பக்கமும் உண்டு. நம் ஹவுஸ்கீப்பிங் பெண் "அக்கா, மலை வருது" என்றால் நாம் சிரிக்கிறோம். மழையில் இருக்கிற "ழ" அவள் காதுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். நம் வீட்டுப் பிள்ளைகளிலேயே பாதிப் பேர் "மலை வருது"தான் சொல்கிறார்கள்.

இப்படித் தப்பாகக் கேட்பதால் சண்டை மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். ஒரு கோயிலுக்குப் பெயரே அப்படி நிலைத்திருக்கிறது. மலேசியா போனவர்கள் பத்துமலை முருகனைப் பார்த்திருப்பீர்கள். கோலாலம்பூருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக் குன்றுக்குள் பெரிய குகை, 272 படி, அடிவாரத்தில் 2006-ல் திறந்த 140 அடி உயர முருகன் சிலை. 1890-களின் தொடக்கத்தில் தம்புசாமிப் பிள்ளை என்ற தமிழர் முயற்சியில் அங்கே வழிபாடு தொடங்கியது. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம்.

"பத்துமலை" என்று ஏன் பெயர்? அங்கே எண்ணிப் பார்த்தால் பத்து மலை கிடையாது. மலாய் மொழியில் "பாத்து" என்றால் கல், பாறை. அங்கே ஓடுகிற ஆற்றுக்கும் அதே பெயர். நம் ஆட்கள் ரப்பர் தோட்டத்துக்கும் ரயில் பாதை போடவும் கப்பல் ஏறிப் போனவர்கள். அந்த ஊர்ச் சொல்லைத் தங்கள் காதால் கேட்டு "பத்து" ஆக்கி, பின்னால் ஒரு மலையையும் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பத்துக்கு அர்த்தமும் சொன்னார்கள். தமிழ்நாட்டில் ஆறு படைவீடு, மலேசியாவில் நாலு கோயில், ஆக இது பத்தாவது மலை என்று சொல்கிறவர்கள் உண்டு. அகராதிப்படி தப்புதான். ஆனால் முன்பின் தெரியாத மண்ணில் ஒரு சொல் தன் சொல் மாதிரிக் காதில் விழுந்தபோது, அதையே பிடித்துக்கொண்டு ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒன்று கவனித்தீர்களா? மலாய்க்காரர்களின் "பாத்து" நம் மொழியில் கல். அந்தக் கல் நம்மை விடவே மாட்டேன் என்கிறது.

இதுவரை சொன்னது, சத்தம் ஒன்று, பொருள் வேறு. சத்தமும் ஒன்று, பொருளும் ஒன்று என்றால் என்ன செய்வது? இங்கேதான் நம் வாட்ஸ்அப் குரூப் வருகிறது. "சீனத்தில் நீ என்றால் நீ, ஜப்பானில் இரு என்றால் இரு, எல்லாமே தமிழிலிருந்து போனவை" என்று மாதம் ஒரு ஃபார்வர்டு வருகிறது. அதில் ரெண்டு ஃபார்வர்டு நான் அனுப்பியது, மறுக்கவில்லை. மாண்டரினில் "நீ" என்றால் நீதான், உண்மை. ஜப்பானிய மொழியில் உயிருள்ளவை இருப்பதற்கு "இரு" என்று சொல்வதும் உண்மை. ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் தொடர்பு உண்டு என்று பல வருஷம் உழைத்து எழுதினார். ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஏன்? இதற்கும் பேங்க் கதைதான். லெட்ஜரில் கையால் எழுதிய காலம். எங்கள் கிளையில் ஒரே பெயர், ஒரே இனிஷியலில் இரண்டு பேர் கணக்கு வைத்திருந்தார்கள். ஒருவருக்கு வந்த சம்பளத்தை நான் பெயரை மட்டும் பார்த்து இன்னொருவர் கணக்கில் வரவு வைத்துவிட்டேன். அவர் மறுநாளே எடுத்துச் செலவும் பண்ணிவிட்டார். திருப்பி வாங்க ஒரு மாதம் ஆனது. எங்கள் ஆபீசர் அன்றைக்குச் சொன்னார்: "பெயர் ஒத்துப்போனால் அது சந்தேகத்துக்கு ஆரம்பம்தான்யா, முடிவு இல்லை. நம்பரைப் பார், கையெழுத்தைப் பார், பழைய வரவு செலவைப் பார்."

மொழி அறிஞர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஒரு சொல் ஒத்துப்போவதை வைத்து உறவு சொல்ல மாட்டார்கள். வரிசையாக, ஒரே விதிப்படி ஒத்துப்போக வேண்டும். நம் கன்னட நண்பர்களைக் கேளுங்கள். நமக்குப் பால், அவர்களுக்கு ஹாலு. நமக்குப் பல், அவர்களுக்கு ஹல்லு. புலி, ஹுலி. பூ, ஹூவு. பத்து, ஹத்து. பெயர், ஹெசரு. சத்தம் வேறு மாதிரி இருக்கிறது, ஆனால் நாம் "ப" போடுகிற இடத்தில் அவர்கள் "ஹ" போடுகிறார்கள், அதுவும் வரிசையாக. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் அந்த "ப" அப்படியே இருக்கிறது. இதுதான் கணக்கு டேலி ஆவது. இப்படிச் சரிபார்த்துத்தான் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-ல் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று எழுதினார், 1856-ல் கால்டுவெல் அதைப் பெரிய புத்தகமாக நிறுவினார்.

அதற்கு நேர்மாறான கதை ஒன்று. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ம்பாபரம் என்று ஒரு பழங்குடி மொழி. டிக்சன் என்ற மொழியியலாளர் அதைப் பேசக்கூடிய கடைசி ஆட்களில் ஒருவரைத் தேடிப் போனார். நாய்க்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டால், "டாக்" என்றார் பெரியவர்! ஆங்கிலத்திலிருந்து வாங்கியதா என்றால் இல்லை. பக்கத்து மொழிகளில் நாய்க்கு "குடகா" என்று பெயர். ம்பாபரத்தில் சொற்களின் முதல் பகுதி தேய்ந்து போவது வழக்கம். அப்படிக் "குடகா" தேய்ந்து "டாக்" ஆகியிருக்கிறது. சத்தமும் ஒன்று, பொருளும் ஒன்று, உறவு கொஞ்சமும் இல்லை. பெயரும் இனிஷியலும் ஒத்துப்போன என் இரண்டு வாடிக்கையாளர் மாதிரி.

இதில் மூன்றாவதாக ஒரு வகை உண்டு, கடன் வாங்கிய சொல். சமஸ்கிருதத்திலிருந்து பல மொழிகளும் வாங்கி, ஆளுக்கொரு விதமாகச் செலவழித்தவை. "அவசரம்" நமக்கு வேகம். தெலுங்கில் தேவை. இந்தியில் "அவ்ஸர்" என்றால் வாய்ப்பு. பி பிளாக் தெலுங்கு அம்மா "அவசரம் லேது" என்றால் மெதுவாகச் செய்யலாம் என்று அர்த்தமில்லை, வேண்டவே வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் பிளம்பர் இதை ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்துகொண்டார். "உபன்யாசம்" நமக்குக் கோயிலில் கேட்பது, இந்தியில் "உபன்யாஸ்" என்றால் நாவல். "கல்யாணம்" நமக்குத் தெரியும். இந்தியில் "கல்யாண்" என்றால் நலம். அதன்படி நம் நலச்சங்கம் கல்யாண் சங்கம். பெண் பார்க்க வரிசையில் நிற்க வேண்டாம்.

ஆக, ஒரு சொல் ஒத்துப்போனால் அது தற்செயலாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், உறவாக இருக்கலாம். எது என்று விசாரிக்காமல் வரவு வைக்கக் கூடாது. தமிழ் பழைய மொழி, பெரிய மொழி. அதன் பெருமைக்கு அதன் இலக்கியமே போதும். சீனாக்காரரின் "நீ"யைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதில்லை. நான் அனுப்பிய ஃபார்வர்டுகளை இன்றைக்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அதோடு இன்னொன்றையும் வாபஸ் வாங்க வேண்டும். போன மாதம் பேத்தி பாடம் சொன்ன மறுநாள் ராத்திரி கேட்டுக்குப் போனேன். அந்தத் தம்பியிடம் என் ஓட்டை இந்தியில் "கல்தி மேரா" என்றேன். தப்பு என்னுடையது என்று சொல்ல நினைத்தேன். இலக்கணம் தப்பு என்று பேத்தி பிறகு சொன்னாள். அவர் சிரித்துவிட்டு "பரவால்ல சார்" என்றார், தமிழில். இங்கே வந்து இரண்டு வருஷத்தில் அவர் என் மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் மொழியில் ஒரே ஒரு சொல்லை முழுசாகத் தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

அவரிடம் பிடித்த ஒரு நாள் சம்பளத்தை நான் கொடுக்கப் போனேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அதனால் இந்த மேடையில் சங்கத்திடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று, ரிஜிஸ்டரில் என் புகாருக்குக் கீழே "தவறான புகார், எழுதியவர் வாபஸ் பெறுகிறார்" என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதன் நகலை ஏஜென்சிக்கு அனுப்பி, அவரைப் பகல் ஷிஃப்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும், பிடித்த சம்பளத்தையும் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு, பார்சல் வந்தால் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், கேட்டில் ஒரு நோட்டு வைத்து தேதி, நேரம், வீட்டு நம்பர் எழுத வேண்டும். எண்களுக்கு மொழிச் சண்டை இல்லை. மருந்துப் பார்சலுக்குத் தனியாக ஒரு தட்டு, முடிந்தால் ஒரு சின்ன ஃபிரிட்ஜ்.

மூன்று, கேட் ரூமில் ஒரு பலகை. நேற்று, இன்று, நாளை, வந்தது, வரும், தண்ணீர், மருந்து, அவசரம், டாக்டர். இப்படி இருபது சொல்லைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி மாட்டலாம். எழுதித் தர என் பேத்தி தயார்.

இனிமேல் யாராவது சொன்ன ஒரு சொல் காதில் சுருக்கென்று குத்தினால், கோபப்படுவதற்கு முன்னால் ஒரு தடவை "என்ன சொன்னீங்க?" என்று கேட்டுவிடுவோம். பேங்கில் நாங்கள் கையெழுத்தைச் சரிபார்த்த மாதிரிதான், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பதினைந்து நிமிஷம் தாண்டிவிட்டேன், செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்கள் வீட்டு மொழியில் இப்படி மாட்டிக்கொண்ட சொல் ஏதாவது இருந்தால் டீ குடிக்கும்போது சொல்லுங்கள், அடுத்த இதழில் தொகுத்துப் போடலாம்.